கப்பி மீன் போட்ட குஞ்சுகள்

பதுளையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வழியில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். மாவுக்கும் அரிசிக்கும் பஞ்சம் வந்த எழுபதுகளில், கொசுப்புழுவைத் தின்ன மீன் விடுகிறோம் என்று மலேரியா ஒழிப்புக்காரர் ஒருவர் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். "இது கப்பி. ட்ரினிடாட்னு கடலுக்கு அந்தக் கோடியில ஒரு தீவு. அங்கத்து மீனு," என்றார்.

அவ்வளவு தூரத்து மீனைச் சும்மா விட மனம் வரவில்லை. வயிறு பருத்த ஒன்றைப் போத்தலில் அள்ளினேன். அம்மா சத்தம் போடுவாள் என்று பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த அத்தையிடம் வைத்தேன். அத்தை அப்பாவின் தங்கை. மாமா செத்த பிறகு, தனியாளாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கொழும்பில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றார்கள். எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், மீன் முட்டையிடாமல் குஞ்சாகவே போட்டுக்கொண்டிருந்தது. கண்ணும் வாலுமாகப் பதினேழு. லயம் முழுக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தபோது ஐந்துதான் இருந்தன. என் கண்ணெதிரே தாய் இன்னொன்றை விழுங்கியது.

"அத்தே, பெத்த புள்ளையையே திங்குது!" என்று அலறினேன். "பெத்தவ செய்யிற வேலையா இது?"

அத்தை அடுப்பை விட்டு வந்து போத்தலை வெகுநேரம் பார்த்தாள். "பசியா இருந்திருக்கும்டி," என்றாள். பிறகு மிஞ்சிய நான்கையும் தேத்தண்ணிக் கோப்பையால் ஒவ்வொன்றாக அள்ளி வேறு சட்டியில் விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்து, "விடுங்க அத்தே, இன்னும் போடும்," என்று ஆறுதல் சொன்னேன்.

மறுநாள் அத்தை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. கொழும்புக்குப் போக முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாளாம்.

"புள்ளயக் கூட்டியாந்து என்னத்தப் போடுவா?" என்று அப்பா சத்தம் போட்டார்.

"நம்ம திங்கிறதத்தான்," என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் மாலை மகளோடு வந்து இறங்கினாள். மகளின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். துணிச் சவர்க்காரம் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "அங்க எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் போனாள். கொழும்புக்குப் போய் வந்த திமிர் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று எல்லோரும் எங்கள் காம்பராவில்தான் சாப்பிட்டோம். ரொட்டி சின்னதாக இருந்தது. "எனக்குப் பத்தல," என்று சிணுங்கினேன். அம்மா கையை ஓங்குமுன் அத்தை தன் ரொட்டியைப் பிய்த்து, பாதியை மகளுக்கும் பாதியை எனக்கும் வைத்தாள்.

அத்தைக்கு ரொட்டி பிடிக்காது போல என்று நினைத்தபடியே நான் சந்தோஷமாகத் தின்றேன்.