உள்ளே விட்ட இரண்டு விரல் துணி

ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரை நகரம் ஒன்றின் ஸ்கேட்டிங் பள்ளியில், பனித்தளத்துக்குக் கீழே ஜன்னலில்லாத ஓர் அறையில் ரைசா அர்காதியெவ்னா பத்தொன்பது வருடம் ஆட்ட உடை தைத்தாள். அதற்கு முன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிணத்துக்குப் போர்த்தும் துணிவரை தைத்தவள். அங்கே வராத அருவருப்பு அவளுக்கு இங்கேதான் வந்தது.

வளரும் பிள்ளைக்குத் தைத்தால், பின்னால் பிரித்துவிட உள்ளே இரண்டு விரல் துணி விடுவது எந்தத் தையல்காரிக்கும் கை தானாகச் செய்கிற வேலை. இந்தப் பள்ளியில் அது கூடாது. தலைமைப் பயிற்சியாளர் எத்வார்த் லவோவிச்சின் கட்டளை. அவரைப் பொறுத்தவரை, பிள்ளைதான் உடைக்குப் பொருந்த வேண்டும்.

ரைசா தைத்த உடையில் முப்பத்தொரு சிறுமிகள் ஜூனியர் பதக்கம் வாங்கினார்கள். பெரியவர்கள் பிரிவில் இரண்டு பருவத்துக்கு மேல் நின்றவர்கள் மூன்றே பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் அடிபட்ட முதுகுக்குக் கச்சை கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பதினான்கு வயதில் தாவுவது எலும்பின் லேசு. பதினெட்டில் தாவ வேண்டியது வேறொரு உடம்பு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் பள்ளி வாசலில் ஒவ்வொரு வருடமும் புதுப் படம் மாட்டி, ‘நாளைய சாம்பியன்’ என்று எழுதினார்கள்.

உல்யானாவுக்குப் பதினான்கு. போன குளிர்காலத்தில் ஜூனியர் தங்கம் வாங்கியவள். காற்றில் நான்கு சுற்று சுற்றுவாள். கோடையில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். முதல் குழுவில் வைத்திருப்பார்களா, தள்ளிவிடுவார்களா என்று அவள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

புது உடைக்கு அளவெடுக்கையில் தாய் லரீசா பக்கத்திலேயே நின்றாள்.

“கொஞ்சம் இறுக்கிப் புடிங்க, ரைசா அர்காதியெவ்னா.”

“இறுக்கினா டேப்புல நம்பர்தான் குறையும். பொண்ணு குறைய மாட்டா.”

“ரைசா அத்த, நான் நேத்துலேருந்து ரெண்டு வெள்ளரிக்காதான் தின்னேன்,” என்றாள் உல்யானா பெருமையாக.

ரைசா அந்த உடையின் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைத்தாள். மூச்சு முட்டும்போது சத்தமில்லாமல் பிரித்துவிடலாம் என்று நினைத்தாள்.

உடை போட்டுப் பார்க்கும் நாளில் எத்வார்த் லவோவிச் வந்தார். தாய்மாரும் பிள்ளைகளும் பார்த்திருக்க, மேசையில் கிடந்த உடையை எடுத்து உள்பக்கம் திருப்பினார்.

“இதென்ன?”

“துணி.”

“பாத்துக்குங்க. இவ இன்னும் பருக்கப் போறான்னு தையல்காரம்மாவே கையெழுத்துப் போட்டுட்டாங்க.” சிரித்தார் மனிதர். “உல்யானோச்கா, கண்ணு, நாளையிலேருந்து ரெண்டாவது குரூப்புக்குப் போ.”

“நான் இன்னும் தாவுறேனே!”

“இன்னும்னு நீயே சொல்றியே, செல்லம்.”

“எத்வார்த் லவோவிச்,” என்றாள் ரைசா, “நீங்க பொறுக்குறது திறமைய இல்ல, இடுப்பு வராத உடம்ப. முப்பத்தொண்ணுல நின்னது மூணு பேர். இப்படி ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணா ஜெயில்ல போடுவாங்க.”

“ஏம்மா, ஜூனியர் மெடல் மெடல் இல்லையா? வருஷா வருஷம் வருதே.”

“உங்களுக்கு வருது.”

லரீசாவின் கோபம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ரைசாவின் மேல் பாய்ந்தாள். “உங்கள யாரு துணி விடச் சொன்னது? எம் பொண்ணு வாழ்க்கையவே கெடுத்துட்டீங்களே!” பிறகு பயிற்சியாளரிடம் குழைந்து, மன்னிப்புக் கேட்டாள். உல்யானா மூலையில் உட்கார்ந்து தன் இடுப்புச் சதையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். ரைசா போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டாள்.

“இத லீக்காவுக்குப் பிடிச்சுக் குடுங்க,” என்று உடையை நீட்டினார் பயிற்சியாளர். “அவளுக்கு இப்பத்தான் பதிமூணு. வெள்ளிக்கிழம வேணும்.”

“நான் பிடிக்க மாட்டேன்.”

வரிசையின் பின்னாலிருந்து லீக்காவின் தாய் முன்னே வந்தாள்.

“எங்கிட்டக் குடுங்க, எத்வார்த் லவோவிச். வீட்ல மிஷின் இருக்கு. நானே பிடிச்சுடறேன்.”