கன்னத்து மங்கும் பச்சை மூடி ட்யூபும்

மருந்துக்கடையில் காய்ச்சல்காரர் என்றால் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மாத்திரை கேட்பார். முகத்துக்கு க்ரீம் வாங்க வந்தவரோ கூட்டம் கலையும்வரை இருமல் மிட்டாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் தாராவியில் ஒரு கடையில் பார்மசிஸ்ட். கவுண்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நின்று இதே அவஸ்தையைப் பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

மூடியின் நிறம்

பேச்சியம்மாள் அக்காவுக்கு முறுக்குப் பட்டறையில் வேலை. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்திருந்தது. கடையில் ஆள் குறைந்ததும் கிட்டே வந்து, "அந்தப் பச்ச மூடி ட்யூப் ஒண்ணு குடு யய்யா" என்றார். எங்கள் சந்துகளில் க்ரீமுக்குப் பெயர் கிடையாது, மூடியின் நிறம்தான்.

மங்கை வெளுக்க வைக்கிற மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்த க்ரீம் அது. டாக்டர் பார்த்துச் சொன்னால், கொஞ்ச வாரம், ராத்திரி மட்டும், மங்கின் மேல் மட்டும் லேசாகத் தடவலாம். பவுடர் மாதிரி முகம் முழுக்க, மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். இதையெல்லாம் சொல்லி, டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முந்தானையால் கன்னத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"எம் மூஞ்சிக்கு நான் இன்னொருத்தங்கிட்ட சீட்டு வாங்கணுமாக்கும்?"

எதிர்த்த கடை

அக்கா படியிறங்கி நேரே எதிர்க்கடைக்குப் போனார். வெளியே வரும்போது கையில் சின்ன காகிதப் பை. ஏறிட்டுப் பார்த்தார், நானும் பார்த்தேன். எங்கள் கடை அண்ணாச்சி கல்லாவிலிருந்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை, அதனால்தான் அவர் பேச்சு மனதில் தங்கிவிடுகிறது.

"நீ காலிபீலியா சும்மா பாடம் எடு, அவன் வியாவாரம் பாக்கட்டும்."

பட்டறைச் சூடு

அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் அக்கா எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது கூட்டம் கலையக் காத்திருக்கவும் இல்லை. முந்தானையை முகத்தில் போர்த்தியிருந்தார். விலக்கினார். கன்னம் இரண்டும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்து, தாடை ஓரத்தில் மெல்லிய முடி. முதலில் மங்கு நன்றாகத்தான் போயிற்றாம், பட்டறையில் எல்லாரும் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்களாம். அதனால் காலையிலும் பூச ஆரம்பித்திருக்கிறார். பிறகு எரிச்சல் வந்து, பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தியதும் முகம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அரிப்புக்கு மாத்திரை கேட்டார்.

மாத்திரை வேண்டாம், தோல் டாக்டரிடம் போங்கள், பூசின ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள் என்றேன். இதற்குப் போய் ஒரு நாள் சம்பளத்தை விடுவதா என்று தயங்கினார். பட்டறைக்காரர் முந்தின நாளே ஓரமாகப் போய் மாவு பிசையச் சொல்லிவிட்டாராம், முறுக்கு வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து ஒட்டுவியாதி என்று நினைக்கிறார்களாம்.

"மங்கு இருந்தப்ப ஒருத்தனும் என்னய ஒதுக்கல யய்யா, அது போனப்பெறவுதான் ஒதுக்குதானுவ."

வெயில் படாத ஆள்

மாநகராட்சி ஆஸ்பத்திரிச் சீட்டோடு திரும்பி வந்தார். முகம் ஆறும்வரை வெறும் ஈரப்பதம் தரும் க்ரீமும், வெயிலைத் தடுக்கிற சன்ஸ்க்ரீனும்தான். மங்குக்கு அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சன்ஸ்க்ரீன் இல்லாமல் மங்குக்கு என்ன பூசினாலும் திரும்ப வந்துவிடும், அடுப்புச் சூடே மங்கைக் கூட்டும் என்றும் சொன்னாராம். அக்கா சன்ஸ்க்ரீன் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டறைக்குள்ள சூரியனே வந்ததில்ல, அதுக்குப் போய் நான் க்ரீம் பூசணுமாம்."

பூசினார். முகம் ஆறியது, சட்டி முன்னால் பழைய இடமும் கிடைத்தது. மங்குக்கு டாக்டரம்மா ஸ்டீராய்டு இல்லாத வேறொரு க்ரீம் எழுதிக் கொடுத்தார்.

வளையல் பை

இந்த முறை அக்கா சீட்டை முதலில் நீட்டினார். "ரெண்டு ட்யூப் குடு. சீட்டு இல்லன்னு சொல்ல முடியாதுல்லா?" சொல்ல முடியாதுதான். ஆனால் டாக்டரம்மா எழுதியிருந்தது ஒன்று. இன்னொன்று யாருக்கு என்றேன். "எனக்குத்தான்." அப்போது கவுண்டர் மேல் வைத்த பை கிலுங்கியது. உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாளைக்கு ரயில். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. போட்டோ எடுப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசுவார்கள். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு எழுதிய சீட்டு ரேஷன் கார்டு மாதிரி எல்லாருக்கும் செல்லும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

க்ரீமின் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆகாது என்று அதிலேயே போட்டிருந்தது. "லேசா தடவுனா வயித்துக்கா போவப்போவுது?" என்றார் அக்கா. எனக்குக் குரல் உயராது. மகளுக்கு ஒரு போன் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். மகள் எல்லாவற்றையும் கேட்டாள். அங்கே நர்ஸிடம் ஏற்கனவே விசாரித்துவிட்டாளாம், பிள்ளை பிறந்தால் தானாகவே குறையலாம், அதுவரை வெயிலில் முகத்தை மறைத்துக்கொண்டால் போதும் என்றார்களாம்.

"எம்மா, ஒம் மூஞ்சி வெந்தது போதும், நீ வளையல மட்டும் கொண்டுட்டு வா."

பம்பாய் க்ரீம்

அக்கா போனைப் பைக்குள் போட்டார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகளின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதைப் பூசட்டும் என்று, பிள்ளைத்தாய்ச்சிகளும் பூசுகிற துத்தநாக சன்ஸ்க்ரீன் ஒன்றை எடுத்து வைத்தேன். அக்கா வாங்கி, வளையல்களுக்கு நடுவில், உடையாமல் இருக்க சுற்றியிருந்த துணிக்குள் செருகினார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஊர்ல கேட்டா பம்பாய் க்ரீம்னுதான் சொல்லுவேன், வெயிலுக்குப் பூசுததுன்னு நீ வாயத் தொறந்துராத."

ஒரு ட்யூபை விற்காமல் இருக்க ஆன நேரத்தில் பத்து ட்யூப் விற்றிருக்கலாம் என்று அக்கா போனதும் அண்ணாச்சி சொன்னது சரிதான், நானும் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.