பதினோராவது படி

கண்டக்டர் முனீருக்குப் பயம் உடம்போடு பிறந்தது. நாய்க்குப் பயம், செக்கிங் இன்ஸ்பெக்டருக்குப் பயம், மாமியார் காதர் பீவிக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல் பயம். மேட்டில் ஏறும்போது பஸ் முனகினால் பிஸ்மி சொல்லிக்கொண்டு கதவுப் பக்கம் ஒதுங்கி நிற்பான். இப்பேர்ப்பட்ட ஆள் கொலைக்கதை எழுதினான் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். அவன் எழுதினான். எழுதியதோடு நிற்காமல் சொந்தச் செலவில் அச்சும் போட்டான். வம்பு அங்கேதான் பிடித்தது.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக ஆத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் அவனுக்கு வேலை. ஆத்தூரில் நடுப்பகலில் பஸ் ஒன்றரை மணி நேரம் நிற்கும். டிரைவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். முனீர் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மடியில் டிக்கெட் பை, அதன்மேல் நோட்டு என்று வைத்து எழுதுவான். முதல் புத்தகம் அப்படி எழுதியதுதான். பாக்தாத் வைர வியாபாரியின் மகளைப் பற்றிய கதை. பாக்தாத் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தது. மனைவி நஜ்முன்னிசா வளர்த்த இரண்டு வெள்ளாடுகளை விற்று ஐந்நூறு பிரதி அச்சடித்தான். முப்பத்தேழு விற்றது. மீதியில் பாதியை எலி தின்றது, பாதி பஸ் ஸ்டாண்டுக் கடலைக்காரனுக்குப் போனது. தன் கதாநாயகி கடலைப் பொட்டலமாகத் தன் பஸ்ஸிலேயே ஏறி வருவதை அவன் பல நாள் பார்த்தான். பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தான், வேறென்ன செய்ய?

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பெண் காணாமல் போனாள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சடையாண்டியின் மகள் பொன்னழகு. வேற்றுச் சாதிப் பையன் ஒருவனையும் அன்றிலிருந்து காணோம். அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் அரிவாளோடு மதுரை, பழனி என்று தேடி அலைவதாக பஸ்ஸில் பேச்சு. "எவனாச்சும் வழிப்பறிக்காரன் நகைக்கு ஆசப்பட்டு ரெண்டையும் கொன்னு கெணத்துல போட்டுருப்பான்" என்று ஒரு வெற்றிலை வியாபாரி சொன்னார். அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார். முனீருக்கு அது போதும். மூன்றே மாதத்தில் 'பதினோராவது படி' எழுதி முடித்தான். ஓடிப்போகிற ஜோடியைக் கொள்ளைக்காரன் கொன்று, பாழுங்கிணற்றின் பதினோராவது படிக்குக் கீழே மறைக்கிறான். துப்பறிகிறவர் கண்டுபிடிக்கிறார். கொள்ளைக்காரன் கடைசிப் பக்கத்தில் தூக்கில் தொங்குகிறான்.

எழுதுகிற வசதிக்காகப் பெண்ணுக்குப் பொன்னழகு என்றே பெயர் வைத்திருந்தான். அச்சில் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். நாகல் நகரில் பாக்கியராஜின் அச்சகத்தில் எட்டுப் பக்கத்துக்குத்தான் ஈய எழுத்து இருந்தது. எட்டுப் பக்கம் கோர்த்து அடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகே அடுத்த எட்டைக் கோர்க்க முடியும். பெயரை மாற்றச் சொல்லி முனீர் போய் நின்றபோது பதினாறு பக்கம் அடித்துக் காய்ந்துவிட்டது.

"மொத பதினாறு பக்கம் பொன்னழகு, பதினேழாம் பக்கத்துல செல்லம்மாளா? படிக்கிறவன் என்னைய வந்து அடிப்பான்யா" என்றார் பாக்கியராஜ். "தாளு வாங்கிட்டு வா, திரும்ப அடிச்சுத் தாரேன்."

தாளுக்கு விற்க இன்னொரு ஆடு இல்லை. பெயர் அப்படியே நின்றது. மனசு கேட்காமல், கடைசியாக அடித்து முன்னால் சேர்க்கிற முதல் பக்கத்தில் 'யாவும் கற்பனையே' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னான். கடைசிப் பக்கத்தில், பிரதிகள் கிடைக்குமிடம் என்று பேகம்பூரில் இருக்கும் தன் வீட்டு விலாசத்தைப் போட்டான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவனுக்கு வேறு கடை ஏது?

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. பொன்னழகு செத்த விதம் எல்லாருக்கும் தெரியவேண்டியிருந்தது. டிக்கெட் கேட்குமுன் புத்தகம் கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வாங்கிப் பக்கத்து சீட்டுக்காரரைப் படிக்கச் சொன்னார்கள். சந்தோஷத்தில் முனீருக்குத் தரை தெரியவில்லை. சந்தோஷம் இருபது நாள் இருந்தது.

ஐப்பசி பிறந்து நல்ல மழை. செம்பட்டி முக்கில் பஸ் நின்றபோது சடையாண்டி ஏறினார். பின்னால் மகன்கள் இருவரும். மூத்தவன் பெரியகருப்பன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். கிழவர் துண்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"எந்தக் கெணறு?"

முனீர் டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஐயா, அது கத... நானா எழுதுனது. கற்பன."

"அச்சுல ஏத்திட்டுப் பொய்ங்கிறியா? கல்யாணப் பத்திரிக்க அச்சுல வருது, அது பொய்யா? கோர்ட்டு நோட்டீசு பொய்யா? எம் மக கெடக்குற கெணத்தச் சொல்லுலே!"

பெரியகருப்பன் புத்தகத்தை வாங்கி, நிதானமாகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான்.

"எல்லாம் கற்பனைன்னா, இந்த வெலாசம் மட்டும் நெசந்தானே?"

முனீர் கதவுப் பக்கம் ஒதுங்கப் பார்த்தான்; வழி இல்லை.

"அமாவாசைக்கு வீட்டுக்கு வாறோம்" என்றான் பெரியகருப்பன். "ஆயில் இஞ்சினுக்குச் சொல்லியாச்சு. கெணத்த மட்டும் காட்டு, எறச்சுப் பாத்துக்கிறோம். உள்ள ஆளு இல்லைன்னா அவ உசுரோட இருக்கான்னு அர்த்தம். மறுபடி தேட ஆரம்பிச்சா நான் விடமாட்டேன். பொய் சொன்ன உன்னையும் விடமாட்டேன்."

அமாவாசைக்குப் பதினொரு நாள் இருந்தது. முனீர் காய்ச்சல் என்று லீவு போட்டான். பொய்க்குச் சொன்ன காய்ச்சல் மறுநாளே மெய்யாக வந்தது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தான். ஆத்தூரைச் சுற்றி இருக்கும் கிணறுகளை எண்ணிப்பார்த்தான். எதைச் சொன்னாலும் இறைப்பார்கள். இறைத்தால் சேறும் தவளையும்தான் வரும். பிறகு அரிவாள் அவனைத் தேடி வரும்.

ஏழாம் நாள் கோயமுத்தூர் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. இன்னும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்கிற கடிதமாக்கும் என்று பிரித்தான்.

'ஆசிரியர் அவர்களுக்கு. நான் செத்ததை நானே படித்தேன். படித்துவிட்டு அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறோம். அவருக்கு மில்லில் வேலை. எனக்கு ஆறு மாதம். எங்கள் வீட்டு ஆட்கள் யார் கேட்டாலும், எங்கள் அய்யாவே கேட்டாலும் இதைச் சொல்லாதீர்கள். அண்ணன்மாருக்குத் தெரிந்தால் மூன்று உயிர் போகும். என்னைக் கொன்றதற்கு இந்த ஒரு உதவியாவது செய்யுங்கள்.'

பெயர் எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை.

முனீர் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தான். படிக்கப் படிக்க ஒரு கெட்ட நினைப்பு மெல்லத் தலையெடுத்தது. இந்தக் காகிதத்தைப் பெரியகருப்பன் கையில் கொடுத்துவிட்டால் தன் கழுத்து தப்பும். கோயமுத்தூர் எங்கேயோ இருக்கிறது. அங்கே நடப்பதை அவன் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அமாவாசை அன்று காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான். நஜ்முன்னிசா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னத்துக்கு அத எடுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"ஒரு தடவ கொன்னீங்க, அது கதையில. அதுக்கே எனக்கு மனசு ஆறல." அவள் குரல் உடைந்தது. "இன்னொரு தடவ கொன்னுறாதீங்க."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

உச்சி வெயிலில் வந்தார்கள். "நீங்க தெருவுல நில்லுங்கடா. நான் கேட்டுட்டு வாரேன்" என்று மகன்களை நிறுத்திவிட்டுச் சடையாண்டி மட்டும் உள்ளே வந்தார். கொடிக்கால்காரர், இடுப்பில் அரிவாள் எப்போதும் இருப்பதுதான். முனீரின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"எந்தக் கெணறு தம்பி?"

முனீரின் கை சட்டைப் பைக்குப் போனது. விரலில் காகிதம் பட்டது. எடுத்து நீட்ட ஒரு நொடி ஆகாது. எனக்கு ஆறு மாதம் என்ற வரி கண்ணுக்கு நேரே வந்து நின்றது. கை வெளியே வரவில்லை. வாய்தான் திறந்தது. திறந்த வாயிலிருந்து கதை வந்தது, எப்போதும் வருகிறாற்போல.

"அந்தக் கெணத்த இனி எறைக்க முடியாதுய்யா. ஆத்தூர்த் தண்ணித் தேக்கத்து ஓரத்துல இருந்துச்சு. சித்திரையில தண்ணி இல்லாத நேரம் வெளிய தெரிஞ்சுச்சு. இந்த மழைக்குத் தேக்கம் ஏறி முழுகிருச்சு. மொட்டப்பனைக்கு நேரா... பதினோரு படி கீழ..."

சடையாண்டி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, முனீரின் காதுக்குப் பக்கத்தில் வந்தார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கடுதாசி வந்துச்சா?"

முனீரின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"பொஸ்தகத்த அவளுக்கு அனுப்புனது நாந்தேன். கடுதாசி அவளாப் போட்டது, என் பேரு வெளிய வராம எழுதியிருப்பா. அதுக ரெண்டையும் செம்பட்டி முக்குல உன் பஸ்ஸுல ஏத்திவிட்டதும் நாந்தேன். நீதான் டிக்கெட்டுக் கிழிச்ச, உனக்குத்தேன் ஞாபகமில்ல." கிழவரின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "எம் பயலுக தேடுறத நிறுத்தணும். செத்தவளத் தேடமாட்டானுக. கொன்னவனையும் நீயே தூக்குல போட்டுட்ட. கெணத்துக்கு மட்டும் எனக்கு வழி தெரியாம இருந்துச்சு. அம்புட்டுத்தேன். இப்பச் சொன்னத வாசல்ல வந்து சத்தமாச் சொல்லு."

வாசலுக்குப் போக ஏழெட்டு எட்டுதான். முனீருக்கு அது பாக்தாத் தூரமாக இருந்தது. வெயிலில் நின்ற இருவருக்கும் எதிரே நின்று, தேக்கத்துக் கிணற்றை மறுபடி சொன்னான். பெரியகருப்பன் அவன் முகத்தையே பார்த்தான்.

"மொதப் பக்கத்துல கற்பனைன்னு போட்டுருக்கே?"

"போலீசுக்குப் பயந்துண்ணே."

சொல்லும்போதே கால் நடுங்கியது, பல் கிட்டியது, வேட்டி நனைந்துவிட்டதோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கூத்துக்காரனால் அப்படி நடிக்க முடியாது. பெரியகருப்பன் தலை முதல் கால்வரை அவனைப் பார்த்தான். இந்த நடுங்கிக்குப் பொய் சொல்ல ஏது துணிச்சல் என்று எண்ணினானோ என்னவோ, அப்படியே தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கருமாதிப் பத்திரிகை பாக்கியராஜிடம்தான் அச்சானது. அதே ஈய எழுத்து, அதே பெயர். முனீரும் போனான், போகாமல் இருக்கப் பயம். பெரியகருப்பன் மொட்டைத் தலையோடு அவன் இலையில் சோறு வைத்தான். "உசுரோட கெடைச்சிருந்தா நானே வெட்டிருப்பேன்" என்றான், அழுதுகொண்டே. முனீர் சாப்பிடாமலே இலையை மூடினான்.

அதற்குப் பிறகும் அவன் எழுதாமல் இல்லை. ஆறு புத்தகம் போட்டான். ஆறும் பாக்தாத்தில் நடப்பவை. ஒன்றும் விற்கவில்லை. "பதினோராவது படிய இன்னொருக்க அடிப்பமா?" என்று பாக்கியராஜ் கேட்கும்போதெல்லாம் காது கேளாதவன்போல் எழுந்து வந்துவிடுவான். புதுப் புத்தகம் வந்தால் ஒரு பிரதி மட்டும் கோயமுத்தூருக்குப் போகும். சடையாண்டி வாயால் சொன்ன அந்த விலாசத்தை அவன் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. கடிதத்தை நஜ்முன்னிசா அடுப்பில் போட்டுவிட்டாள்.

ஆனால் வருஷா வருஷம் சித்திரையில் பொன்னழகின் திவசத்தன்று பெரியகருப்பன் பூவும் வாழைப்பழமுமாக ஆத்தூரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பான். "எடத்தக் காட்டு" என்பான். முனீர் தேக்கத்துக் கரைக்கு நடந்துபோய், மொட்டைப்பனைக்கு நேரே தண்ணீரைக் காட்டுவான். கோடை கடுமையாகித் தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் தை மாதத்திலிருந்தே அவனுக்குத் தூக்கம் போய்விடும். கிணறு எங்கே என்று கேட்டால், வண்டல் மூடிவிட்டது என்று சொல்லப் பாடம் பண்ணி வைத்திருந்தான்.

அறுபத்தாறில் சடையாண்டி இறந்துபோனார். அந்த வருஷம் தங்கையின் திவசத்தன்று பெரியகருப்பன் கரையில் நின்று பூவை வீசாமல் கையிலேயே வைத்திருந்தான். தலை நரைத்திருந்தது.

"முனீரு, எனக்கும் இப்ப ரெண்டு பொம்பளப் புள்ளைக. அவ மட்டும் உசுரோட இருந்தா, போயிக் கூட்டியாந்து ஒரு வாய்ச் சோறு போடுவேன். சத்தியமாச் சொல்றேன். அய்யாவும் போயிட்டாரு. எனக்குத் தங்கச்சின்னு வேற ஆரு இருக்கா?"

கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. முனீருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. சடையாண்டி சொல்லியிருந்தாரே, கோயமுத்தூரில் ஏழு வயசுப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு மாமன் யாரென்று தெரியாது. ஒரு வார்த்தை போதும். அவன் பெரியகருப்பன் முகத்தைப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பார்த்தான். கொடிக்காலிலிருந்து நேரே வந்தவன், அரிவாள் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். கேட்பது பாசமா, எட்டு வருஷமாகப் பொறுத்திருந்த கோபமா? அத்தனை கதை எழுதியவனுக்கு அந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

தூரத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். முனீர் கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினான்.

"அந்தப் பனைக்கு நேராண்ணே. பதினோரு படி கீழ."

பெரியகருப்பன் தலையாட்டிவிட்டுப் பூவை வீசினான்.