முகம் பொருந்தவில்லை என்றேன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். வீட்டுக்கார அம்மாவை இங்குள்ள வழக்கப்படி சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். எழுபது தாண்டியவர், முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர், தனி ஆள். சமையல், துப்புரவு என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவருக்குக் கண் பார்வை மங்கியது. எதிரே இருப்பவரின் முகமே தெரியாது. ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, கணினியில் ஒரு வேலை இருக்கிறது, இனி நீதான் என் கண் என்றார்.

என்ன வேலை என்று அறிந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. உடுப்பில்லாமல் கடலில் குளிப்பதும் வெயிலில் இருப்பதும் உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்று நம்புகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஓர் இணையக் குழுவைச் சிஞ்ஞோரா பல வருடமாக நடத்தி வந்திருக்கிறார். நானோ மன்னார்க்காரி, ஞாயிறு பூசை தவறவிடாதவள். மனுசிக்கு வயது போக மூளை பிசகிவிட்டதோ, இல்லை என்னை ஏதும் கூடாத காரியத்தில் இழுத்துவிடப் பார்க்கிறாரோ என்று ஒரு கிழமை அவரை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. எந்தக் கரையில் தண்ணீர் சுத்தம், எந்தக் கிறீம் வெயிலுக்கு நல்லது, நாயைக் கூட்டி வரலாமா கூடாதா என்ற சண்டை. பாடு முழுக்க வாசலில்தான். வேடிக்கை பார்க்க வருகிறவன், பெண் பெயரில் வருகிற ஆண், படம் திருட வருகிறவன் என்று நாளுக்கு நாலு பேர். அதனால் சேர வருகிறவர்களை உடுப்போடு வீடியோ அழைப்பில் பார்த்து, முகத்தை அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவது. முதல் நாள் கடற்கரைக்கு என்ன கொண்டு வருவீர்கள் என்று சிஞ்ஞோரா கேட்பார். உண்மையானவர்கள் துவாய் என்பார்கள், ஏனென்றால் அங்கே தன் துவாயை விரித்துத்தான் எதிலும் உட்கார வேண்டும். கள்ளர்கள் எத்தனை பெண்கள் வருவார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

நான் கமராவில் தெரியாமல் பக்கத்தில் இருப்பேன். ஆள் சரியென்றால் சிஞ்ஞோராவின் கையில் ஒரு தரம் தட்டுவேன், பிழையென்றால் இரண்டு தரம். சந்தேகம் என்னோடு கூடப்பிறந்தது. மீன்காரன் நிறுத்துத் தந்ததை வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்க்கிறவள் நான். ஒருவன் தன் அக்காவின் அட்டையை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கமரா பழுது என்று குரலை மெல்லிசாக்கிக் கதைத்தான். இரண்டு தட்டு. கள்ளரைப் பிடிக்கவே பிறந்தவள் நீ என்று சிஞ்ஞோரா சிரிப்பார், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஒரு நாள் விண்ணப்பத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தது. அழைப்பில் பார்த்தால் தெரிந்த முகம். எங்கள் தமிழ்ப் பூசையில் எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருக்கிற பிள்ளை. முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்தவள், பொலிதேயாமா பக்கம் ஒரு கந்தோரில் வேலை. அவளுடைய தாயும் நானும் பூசை முடிந்து நின்று கதைக்கிற ஆட்கள்.

இவளுக்கு இங்கே என்ன வேலை? நான் செய்வதை யாரோ மோப்பம் பிடித்துத்தான் இவளை உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிஞ்ஞோராவுக்கு மருந்துச் சீட்டு வாசிக்கிறேன் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் மகளுக்கு எங்கள் கோயில் பங்கிலேயே ஒரு குடும்பத்தில் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. பெண்ணின் தாய், உடுப்பில்லாதவர்களின் குழுவுக்குக் காவல் என்று தெரிந்தால் யார் எங்கள் படியேறுவார்கள்?

அவள் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். துவாய், தொப்பி, தண்ணீர். ஏன் சேர விரும்புகிறாய் என்று சிஞ்ஞோரா கேட்டதற்கு, எங்கள் ஆட்களுக்குள் எங்கே போனாலும் யாருடைய மகள் என்றுதான் முதலில் கேட்பார்கள், அதைக் கேட்காத ஓர் இடத்தில் ஒரு தரமாவது கடலில் இறங்க வேண்டும் என்றாள். எனக்கு அது பாடமாக்கி வந்து ஒப்புவிப்பது போல இருந்தது. இரண்டு தரம் தட்டினேன். பிறகு சிஞ்ஞோரா காரணம் கேட்டபோது, அட்டையிலுள்ள முகமும் இந்த முகமும் பொருந்தவில்லை என்றேன். பாவம், நம்பினார்.

அடுத்த ஞாயிறுகளில் அவளையே கவனித்தேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதுவும் நடிப்பு என்றுதான் என் மனம் சொன்னது.

ஒன்றரை மாதம் போனது. ஒரு காலையில் சிஞ்ஞோரா கோப்பியோடு இருக்க, நான் வந்த கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று அந்தப் பிள்ளையுடையது. நீங்கள் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டீர்கள், வேறொரு குழு ஐந்து நிமிடத்தில் சேர்த்தது என்று எழுதியிருந்தாள். அழைப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. உண்மையான ஆளா என்று பார்க்க உடுப்பில்லாத படம் இரண்டு கேட்டிருக்கிறார்கள், அனுப்பிவிட்டாள். இப்போது இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் தாய்க்கும் தம்பிக்கும் இவை போகும் என்று மிரட்டுகிறார்கள். கண்டிப்பான இடம் என்றுதான் முதலில் உங்களிடம் வந்தேன், என்ன செய்வதென்று சொல்லுங்கள், எனக்குக் கேட்க வேறு ஆளில்லை என்று முடித்திருந்தாள்.

அழிக்கிற பொத்தான் விரலுக்குக் கீழே இருந்தது. அழுத்தினால் சிஞ்ஞோராவுக்கு ஒரு நாளும் தெரியப் போவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படிச் செய்யத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உளவு பார்க்க வந்தவள் தன் மானத்தைக் கொண்டுபோய்க் கள்ளரிடம் கொடுப்பாளா? முழுவதையும் உரத்து வாசித்தேன். முகம் பொருந்தியதையும், நான் பொய் சொன்னதையும் அதே மூச்சில் சொன்னேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சிஞ்ஞோரா கோப்பையை மெல்ல வைத்தார். "கண் போனபோதுகூட எனக்கு இவ்வளவு நோகவில்லை," என்றார். "முதலில் அந்தப் பிள்ளைக்கு போன் எடு. உங்கள் மொழியில் கதை."

எடுத்தேன். "பிள்ளை, நான் பூசையிலை உமக்கு ரெண்டு வாங்கு பின்னாலை இருக்கிற அன்ரி," என்றேன். "உம்மைச் சேர்க்க வேண்டாமெண்டு சொன்னது நான்தான். என்ரை பயத்திலை."

"அன்ரி, இதை ஆருக்குச் சொல்லப் போறியள்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள். நான் அவளைப் பற்றி நினைத்ததையே அவளும் என்னைப் பற்றி நினைத்திருக்கிறாள். அரை மணித்தியாலம் கழித்து அவளே திரும்ப எடுத்தாள், அழுதுகொண்டு.

ஒன்றும் அனுப்பாதே, ஒன்றையும் அழிக்காதே, எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு பொலிஸுக்குப் போ என்று சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பின்னேரம் அவளோடு நானும் போனேன். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்க மட்டுமே பொலிஸ் வாசல் மிதித்தவள் நான். இவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். கூட வந்த ஆள் என்று மட்டும் சொன்னேன்.

மிரட்டல் நின்றது, அந்தக் கணக்கும் மூடப்பட்டது. படங்கள் வேறெங்கும் போனதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கோயிலில் யாராவது போனைப் பார்த்துக் குசுகுசுத்தால் அவளுடைய தோள் இறுகுவதைப் பின்னாலிருந்து காண்கிறேன். சிஞ்ஞோரா என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஆனால் இப்போது தட்டை நம்புவதில்லை. மூக்கு எப்படி, புருவம் எப்படி என்று ஒவ்வொரு முகத்தையும் விவரிக்கச் சொல்கிறார். குழுவில் சேர வரச் சொல்லி அவளைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். என் மகளின் கலியாணத்துக்கு வந்தாள், சிரித்தாள், எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

கள்ளரைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல பிள்ளையைக் கள்ளியாக்கி வெளியே தள்ளினேனே, அதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பிறகும் என் மனம் மன்னிக்கவில்லை.