ஏழாவது வாக்கியம்

போன செவ்வாய்க்கிழமை, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கார்டு, கையில் டேப்லெட். "வணக்கம் மேடம், உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியமே எங்கள்..." என்று ஆரம்பித்தாள்.

"உக்காரும்மா. மோர் குடிக்கிறியா?" என்றேன்.

குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "வணக்கம் மேடம், உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியமே..." — மறுபடி முதலிலிருந்து.

மருமகள் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் யாராவது குறுக்கிட்டால் திரும்ப முதலுக்குத்தான் போக வேண்டும்... மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் அது தெரியும். நானும் செய்தவள்.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவள் வாயாடியாகத்தான் இருப்பாள் என்று சிலர் நினைக்கிறீர்கள். இல்லை. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை. அந்தத் தைரியம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் லாரி செட்டில் கால் முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும். என்ன வேலை கிடைக்கும்?

திண்டுக்கல்லில் ராவுத்தர் ஒருவர் சொந்தமாக விளம்பர ஏஜென்சி நடத்தி வந்தார். ஏஜென்சி என்றால் ஒரு அறை, ஒரு மாட்டுவண்டி, ஒரு தமுக்கு. மூக்குப்பொடி, குடை, சர்க்கஸ், கூந்தல் தைலம் — எது வந்தாலும் விளம்பரம் செய்வார். முதலாளியும் அவர்தான். நோட்டீஸ் எழுதுகிறவரும் அவர்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவரும் அவர்தான்.

பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண்கள் நிலைப்படி தாண்ட முடியாது. அதனால் வீட்டுக்குள் போய்ப் பேச ஒரு பெண் தேவைப்பட்டாள். என்னைச் சேர்த்துக்கொண்டார்.

"என்ன பேசணும் பாய்?" என்று கேட்டேன்.

"வாயில வந்ததப் பேசு தங்கச்சி. நம்ம தெருப் பொம்பளைகதானே?"

வாயில் வந்தால்தானே? தைல பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். நோட்டீஸை நிலைப்படியில் வைத்துவிட்டு, யாரும் வெளியே வருவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். நாலே நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தபால்காரரு கூட ஒரு சத்தம் குடுப்பாருல்ல தங்கச்சி?" என்றார்.

போகச் சொல்லவில்லை. நானாகவே வெட்கப்பட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் வனஸ்பதி, அதாவது தாவர எண்ணெயில் செய்கிற நெய், விற்கும் கம்பெனியின் வேன் ஊருக்குள் வந்தது. அவர்களுக்கும் விளம்பர ஏஜென்சி உண்டு. ஆனால் அது கம்பெனிக்கே சொந்தமானது. தலைமை ஆபீஸ் பம்பாயில். வீடு வீடாகப் போய்ப் பேச என்னைச் சேர்த்துக்கொண்டு, பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை, ஒரு பை, ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் பதினொரு வாக்கியங்கள். "ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது, மிஸ்" என்றார் சூப்பர்வைசர். கல்யாணமானவள் என்று சொல்லியும் மிஸ்தான்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. கூச்சப்படுகிறவளுக்குப் பேச்சை யாராவது எழுதிக் கொடுத்தால் அதைவிட என்ன வேண்டும்? வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். பேசுவது நான் இல்லை... பம்பாய்.

ஒரே ஒரு தப்பு நடந்தது. நாலாவது வாக்கியத்துக்குப் பிறகு அட்டையில் 'இங்கே புன்னகைக்கவும்' என்று போட்டிருந்தது. அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு வாரம் வீடு வீடாக அதையும் சொன்னேன். பெண்களும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்கள்.

சிக்கல் ஏழாவது வாக்கியத்தில் இருந்தது. 'இந்த நெய்யில் தினமும் மணக்க மணக்கக் கறி செய்யுங்கள்.' எழுதியவர் ஊரில் கத்தரிக்காயை வதக்கினாலும் கறிதான். எங்கள் ஊரில் கறி என்றால் ஆடு. காய்க்கு வெஞ்சனம் என்று பேர்.

டவுனில், "தெனமும் கறியா? யாரு வாங்கிப் போடுறது, ஒங்க கம்பெனியா?" என்று கேலியோடு விட்டார்கள். தை பிறந்ததும் அகரம் கிராமத்துப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே பழனிக்கு மாலை போட்டு, விரதத்தில் இருக்கிற வீடுகள். ஒரு வீட்டில் நான் ஏழாவதைச் சொல்லி முடிக்கவில்லை. அந்த அம்மா எழுந்துவிட்டார். நான் இறங்கியதும் வாசலைக் கழுவிவிட்டார்கள்.

சூப்பர்வைசரிடம் போனேன். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திக்கிறேன் சார்."

"பம்பாயில பாஸ் பண்ணின வாக்கியம், மிஸ். மேலே எழுதிக் கேக்கறேன். அதுவரைக்கும் மாத்தினீங்கன்னா வேலை போயிடும்."

கெட்டவர் இல்லை. சொன்னபடி எழுதியும் போட்டார். பதில்தான் வரவில்லை.

பதிலுக்குப் பதில் ஓர் ஆபீசர் வந்தார், மெட்ராஸிலிருந்து. கையில் அதே அட்டை. நான் பேசப் பேச, பின்னால் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டிக் போடுவாராம். அகரத்துக்கே கூட்டிப் போனார்.

முதல் வீடு. கொடியில் பச்சை வேட்டி காய்ந்தது. மாலை போட்ட வீடு. ஆறு வாக்கியம் வரை ஓடியது. ஏழில் நின்றுவிட்டேன். சொன்னால் அந்த வீட்டுக்கு ஆகாது. மாற்றினால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

மறந்துவிட்டேன் என்று ஆபீசர் நினைத்திருக்க வேண்டும். நாடகத்தில் எடுத்துக் கொடுப்பதுபோல், பின்னாலிருந்து மெதுவாக, "கறி..." என்றார். பிறகு சற்று உரக்க, "கறி... கறி..."

வீட்டுக்கார அம்மா என்னை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "யாருத்தா இந்தாளு? மாலை போட்ட வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுக் கறி கேக்குறாரு?"

உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல்: "பசிக்குதோ என்னமோ. கஞ்சி கெடக்கு, ஊத்தச் சொல்லவா?"

ஆபீசர் முகம் சிவந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அவரு மெட்ராஸ்காரரு, அக்கா. அங்கிட்டுக் காய்க்குத்தேன் கறின்னு பேரு. வெஞ்சனம்னு சொல்ல வந்தாரு. விரதச் சமையலுக்கும் இது ஆகும், மாடு ஆடு எதுவும் கலக்கல" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் நான் பேசிய முதல் சொந்தப் பேச்சு அது. அந்த அம்மா ஒரு டின் வாங்கினார்.

அடுத்த வாரம் என் பேருக்கு டைப் அடித்த கடிதம் வந்தது. வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "மதிப்பிற்குரிய அம்மையீர்... அடேயப்பா, யாரு இம்புட்டு மரியாதையா எழுதியிருக்கா?"

"கம்பெனி. வேலை போச்சுங்க" என்றேன். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராவுத்தரிடம் போய் நின்றேன். கதை முழுவதையும் கேட்டார்.

"நான் பேசுன்னு சொன்னப்ப பேசல. அவங்க பேசாதன்னப்ப பேசியிருக்க. சரி, வண்டில ஏறு."

ஆறேழு வருஷம் அவரிடம் இருந்தேன். அங்கே எல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். சர்க்கஸ் ஊரைவிட்டுப் போனால் எங்களுக்கு வேலை இல்லை. தைலத்தில் வழுக்கை போகும் என்று அவர் எழுதினால் நானும் தலையாட்ட வேண்டும். பெரிய கம்பெனியில் நீங்கள் பேசக் கூடாததை அவர்கள் முடிவு செய்வார்கள். சின்ன இடத்தில் பேசித் தொலைத்ததற்கு நீங்களே பொறுப்பு. எது மேல்? கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

மறு வருஷம் வேன் திரும்ப வந்தது. பம்பாயிலிருந்து பதில் வந்துவிட்டதாம். புது அட்டையில் கறியை அடித்துவிட்டு 'பதார்த்தம்' என்று போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்கு வருகிறேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டேன். முடித்ததும், "எங்க போர் தண்ணி ஒரே உப்பு. இந்த மெஷின் தாங்குமா?" என்றேன்.

டேப்லெட்டைத் தடவிப் பார்த்தாள். அதில் பதில் இல்லை. "நாங்க பேசுறது ரெக்கார்ட் ஆகும்மா" என்றாள். எதையோ அழுத்தி அணைத்து, டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"தாங்காதும்மா. வாங்காதீங்க."

கொடுத்து வைத்தவள். என் ஆபீசரை அப்படிக் கவிழ்த்து வைக்க வழியில்லை.