பகலவன் தூக்கிய மேக்ரோ

பகலவனைப் போல ஒழுங்காக வேலை செய்தவனை எங்கள் கம்பெனியில் நான் பார்த்ததில்லை. அவனைத்தான் துரத்தினார்கள். வியாசர்பாடிக்காரன், டிப்ளமோ. கிரேன் தூக்கும் எடையைக் காட்டும் கருவி செய்கிற திருவொற்றியூர்க் கம்பெனியில், 2001இல் என் பக்கத்து நாற்காலிக்குத் தற்காலிக ஆளாக வந்தான். வேலை நிரந்தரமானால், டோல்கேட் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் அம்மா பட்டம்மாளை வீட்டோடு நிறுத்திவிட வேண்டும். அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.

எங்கள் ஆபீசில் ஒரு கேடுகெட்ட வழக்கம். அடுத்தவன் ஃபைலில் யாரும் கை வைக்க மாட்டோம். அடிக்கடி தேவைப்படும் சின்னக் கணக்குக்கு ஒரு பேர் வைத்து மேக்ரோவாக எழுதுவோம் அல்லவா, அதையும் ஆளாளுக்குத் தன் சி புரோகிராம் ஃபைலின் தலையில் தனியாக எழுதிக்கொள்வோம். ஒரே கணக்கு, எல்லா ஃபைலிலும். அவற்றையெல்லாம் தூக்கிவிட்டு, ஒன்றை மட்டும் பொதுவான இடத்தில் வைக்கும்படி மேனேஜர் டெரிக் பகலவனிடம் சொன்னார். முடித்தால் நிரந்தரம் என்றார்.

உயிரைக் கொடுத்து உழைத்தான். எடைக் கணக்கு மேக்ரோ மட்டும் டெரிக்கின் ஃபைலில் வேறு மாதிரி இருந்தது. மனுஷன் அடைப்புக்குறி போட மறந்திருந்தார், எடை குறைவாக வரும். பகலவன் அவரிடமே காட்டினான். தப்பானதை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கச் சொன்னார். வைத்தான்.

எண்ணூர் யார்டில் புது புரோகிராமை ஏற்றியதும், வழக்கமான சுமைக்கே அபாய மணி அடித்துக் கிரேன் நின்றது. விழுந்தடித்து ஓடினோம். கருவியை மாட்டிய ஜாபர் பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"முன்னாடி கம்மியா காட்டிகினு இருந்துச்சு நைனா. நான்தான் இஸ்க்ரூவத் திருகி சரி பண்ணேன். இப்ப ஜாஸ்தியா காட்டுது."

எல்லாக் கிரேனிலும் அந்தத் திருகாணியைப் பழையபடி திருப்பினால் தீர்ந்தது. ஆனால் இத்தனை நாள் ஏன் திருகியிருந்தது என்று யார்டு முதலாளி கேட்பாரே, டெரிக்கின் தப்பு வெளியே வந்துவிடுமே! டெரிக் அந்த முதலாளி முன்னாலேயே பகலவன் பக்கம் திரும்பினார்.

"என் ஃபைல்ல உன்னை யாருடா கை வைக்கச் சொன்னது?"

"நீங்கதான சார்."

கத்துக்குட்டி, இன்றோடு அனுப்பிவிடுகிறேன் என்று டெரிக் முதலாளியிடம் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் தப்பான மேக்ரோ பழைய இடத்துக்கே வந்தது. அதன் மேல், 'பகலவன் திருத்திக் கெடுத்தது, யாரும் தொடாதீர்கள்' என்று டெரிக் இங்கிலீஷில் எழுதிவைத்தார். அவன் செய்த மற்ற வேலையெல்லாம் அவர் பேரில் போனது. பாவி.

அந்த வாரமே பட்டம்மாள் வந்தார், ஈரப் புடவையோடு.

"தெரியாம பண்ட்டான் சார். மன்ச்சிக்கோ."

டெரிக் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். "வுடும்மா. உன் புள்ள பேர இதுல எழுதி வெச்சிக்கீறேன், பாரு."

அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. முகம் மலர்ந்து, அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டெரிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டார்.