தளபதியின் கட்டில்

நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம்தான். பார்க்கப் போகிறவர் வாயை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நன்மை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பனி நாட்டில், டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பனி கரைந்ததும் எழும்பி வேலைக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மிசிசாகாவிலிருந்து ஒருவர் தோடம்பழப் பையோடு வந்தார். தமிழ்நாட்டுக்காரர், பள்ளிவாசல் பழக்கம். நல்ல மனிதர், ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, "மனசை விட்டுடாதீங்க பாய். ஒரு வீரரோட கதை சொல்றேன்" என்று, இஸ்லாத்தின் ஆரம்ப காலத் தளபதி ஒருவரின் வரலாற்றைத் தொடங்கினார்.

அவரை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். மதரசாவில் படித்த வரலாறு அது. அதன் முடிவு எனக்குத் தெரியும்.

முதலில் முஸ்லிம்களுக்கு எதிராக வாளேந்தியவர், பிறகு மனம் மாறிக் கலிமா சொன்னார். ஒரு போரில் வாள் உடைய உடைய அடுத்த வாளை எடுத்துச் சண்டையிட்டார். காக்கா தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ" என்றேன் வந்தவரிடம். குடித்துக்கொண்டே தொடர்ந்தார். கலீபா தளபதிப் பதவியைப் பறித்தபோதும், முகம் சுளிக்காமல் சாதாரணச் சிப்பாயாக நின்று போரிட்டாராம். "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்றேன். "இதோ முடிச்சிட்டேன்" என்றார். வந்த மனிதரின் வாயைப் பொத்தவா முடியும்?

"கடைசியில என்னாச்சு தெரியுமா பாய்? அத்தனை போர்லயும் சாகாத மனுசர்..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 

"கட்டில்ல மௌத்தானார்" என்று காக்காவே முடித்துவைத்தார்.

வந்தவர் விடைபெற்றுப் போன பிறகு காக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் அந்த மனுசனை மறிச்சனி? என்ர நிலைமை எனக்குத் தெரியும்."

நான் வந்தவர் குடித்த கோப்பையை எடுக்கக் குனிந்தேன்.

"உடம்பில காயமில்லாத இடமில்லை, கடைசியில கட்டில்ல சாகிறனே எண்டு அந்தத் தளபதி கவலைப்பட்டவர். படலாம். அவர் சண்டை பிடிச்ச ஆள்." போர்வைக்கு வெளியே கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ர உடம்பில ஒரு கீறலும் இல்லை. முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடோணும் எண்டு இயக்கம் சொன்ன அண்டைக்கு, துவக்கோட நிண்டவன் கேக்க முன்னமே வீட்டுத் திறப்பை நீட்டினனான்."

அன்றைக்கு ஊரைவிட்டு வெளியேறிய வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் நான். துப்பாக்கிக்காரன் கேட்கும் முன்பே அவர் கை சாவியை நீட்டியதைக் கண்டவனும் நான்தான். 'அப்பிடியில்லை காக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன்.  போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டேன்.